ஆங்கிலச் சொல் படிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நோட்டை இரண்டாக மடித்து, இந்தப் பக்கம் ஆங்கிலச் சொல், அந்தப் பக்கம் ஒற்றைத் தமிழ் அர்த்தம். பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவர்கள் பலர் இப்படித்தான் படிக்கிறார்கள். பெரும்பாலான பிழைகள் இங்கேதான் தொடங்குகின்றன. ‘நொட்டோரியஸ்’ என்றால் ‘பிரபலமான’ என்று எழுதி வைத்தவர், கட்டுரையில் காந்தியையே ‘நொட்டோரியஸ் லீடர்’ ஆக்கிவிடுவார். கெட்ட பெயரால் பிரபலமானவருக்குத்தான் அந்தச் சொல் பொருந்தும். ‘மிட்டிகேட்’ என்றால் குறைப்பதுதான். அதற்காக விலையை ‘மிட்டிகேட்’ செய்ய முடியாது. ரிஸ்க், டேமேஜ், இம்பாக்ட் போன்ற தீங்கான விஷயங்களோடுதான் அது வரும்.

அதனால் நோட்டுக்குப் பதிலாக அட்டை வையுங்கள். முன்பக்கம், அந்தச் சொல் வரும் இடத்தைக் கோடிட்டு விட்ட ஒரு வாக்கியம். பின்பக்கம் சொல், அர்த்தம், கூடவே வரும் இரண்டு சொற்கள், நல்ல தொனியா கெட்ட தொனியா என்ற குறிப்பு. பின்பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பது படிப்பு ஆகாது. கண்ணுக்குப் பழகியது மனதில் பதிந்ததாகத் தோன்றும், அவ்வளவுதான். கோடிட்ட இடத்தை நீங்களே நிரப்பிப் பார்த்த பிறகு திருப்புங்கள்.

ஒரே நாளில் ஐம்பது சொல் வேண்டாம். படித்தது முதல் சில மணி நேரத்திலேயே வேகமாக மறக்கிறது என்று ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-லேயே காட்டிவிட்டார். ஒரு நாளைக்கு 8 சொல் போதும். 1, 3, 7, 15, 30-ஆம் நாட்களில் மறுபடி சோதியுங்கள். ‘இம்ப்ளை’, ‘இன்ஃபர்’ போன்ற ஜோடிகளை ஒரே நாளில் எடுத்தால் இரண்டும் குழம்பும். சொல்பவர் மறைமுகமாக உணர்த்துவது முதலாவது; கேட்பவர் ஊகித்துக்கொள்வது இரண்டாவது. ஒன்று நன்றாகப் பதிந்த பிறகு மற்றதைத் தொடுங்கள்.

முன்னொட்டை மட்டும் நம்பி அர்த்தம் சொல்வதும் ஆபத்து. டேங்கர் லாரியின் பின்னால் ‘ஹைலி இன்ஃபிளேமபிள்’ என்று எழுதியிருப்பார்கள். ‘இன்’ இருப்பதால் தீப்பிடிக்காது என்று நினைத்துவிடாதீர்கள். எளிதில் தீப்பற்றும் என்பதே பொருள். ‘இன்வேல்யுவபிள்’ என்பதும் அப்படித்தான்: மதிப்பில்லாதது அல்ல, விலைமதிப்பற்றது.

எந்தச் சொற்களில் தொடங்குவது? யாரும் எழுதாத அபூர்வச் சொற்களில் அல்ல. 2000-இல் மொழியியல் ஆய்வாளர் ஏவரில் காக்ஸ்ஹெட் வெளியிட்ட அகாடமிக் வேர்ட் லிஸ்டில் 570 சொற்குடும்பங்கள், அதாவது ஒரே சொல்லிலிருந்து கிளைக்கும் சொற்களின் தொகுதிகள், உண்டு. கல்லூரிப் பாடநூல்களில் அடிக்கடி வருபவை அவை. ‘அனலைஸ்’ படிக்கும்போதே ‘அனாலிசிஸ்’, ‘அனலிட்டிகல்’ இரண்டையும் அதே அட்டையில் சேர்த்துவிடுங்கள், அழுத்தம் எந்த அசையில் விழுகிறது என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து.