பரிசில்லாமல் பினாங்கில் கிறிஸ்மஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பரிசு வாங்கும் காசைச் சேர்த்துவைத்துக் கிறிஸ்மஸுக்குக் குடும்பத்தோடு வெளிநாடு போகலாம் என்று நினைப்பது நல்ல யோசனைதான். தூத்துக்குடியிலிருந்து நாங்கள் இரண்டு முறை அப்படி மலேசியாவிலுள்ள பினாங்கு போனோம். அங்கே ஆயர் ஈத்தாம் என்ற பகுதியில் என் அக்கா வீடு இருக்கிறது. முதல் முறை மனசுக்கு நிறைவாக அமையவில்லை. அதற்குக் காரணம் எங்கள் தவறுகள்தான்.

பெரிய தவறு, கிறிஸ்மஸ் காலையைச் சும்மா விட்டது. "இந்தப் பயணம்தான் உனக்குப் பரிசு" என்று எட்டு வயது மகளிடம் சொல்லியிருந்தோம். அவளும் சரி என்றாள். 25ஆம் தேதி காலை ஆறரை மணி. பினாங்கில் அந்நேரம் இன்னும் இருட்டுதான். அவள் எழுந்துபோய் அக்கா வீட்டுக் குடிலின் முன்னால் உட்கார்ந்தாள். வைக்கோலை மெல்ல விலக்கிப் பார்த்தாள். பிறகு பழையபடி பரப்பிவைத்துவிட்டு வந்து படுத்துக்கொண்டாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் காலையில் தனக்காக ஏதோ ஒன்று காத்திருக்க வேண்டும் என்றுதான் பிள்ளை எதிர்பார்க்கிறது. விமானச் சீட்டு அதற்கு ஈடாகாது.

அடுத்த முறை அந்தக் காலையை அவளிடமே கொடுத்தோம். குழந்தை இயேசு சொரூபத்தைக் குடிலில் வைப்பது அவள் பொறுப்பு. பிறகு மாடியிலுள்ள எட்டு வீடுகளுக்கும் அச்சுமுறுக்குத் தட்டு கொண்டுபோக வேண்டும். எதிர் வீட்டுச் சீன ஆன்ட்டி தட்டை வெறுமனே திருப்பித் தரவில்லை, பிஸ்கட் வைத்துக் கொடுத்தார். ஓடி வந்து அதைக் காட்டிய மகளின் முகம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

பரிசு வேண்டாம் என்று முடிவெடுத்தால் அதைத் தாத்தா பாட்டிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பெரியவர்கள் ஆசையில் ஒரு பேரனுக்கு மட்டும் ரகசியமாக எதையாவது கொடுத்தால், மற்றப் பிள்ளைக்கு மனசு வாடிவிடும். புத்தாடையைப் பற்றியும் தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் பரிசுப் பொட்டலம் நேற்று வந்த பழக்கம், புது உடுப்புதான் பண்டிகை. அதை நிறுத்தாதீர்கள்.

நாங்கள் கொஞ்சமும் யோசிக்காமல் போனது அங்பாவ் விஷயம். சீனர்களிடமிருந்து வந்த இந்தப் பழக்கம் மலேசியத் தமிழர் வீடுகளிலும் ஊறிவிட்டது. பண்டிகையில் வீட்டுக்கு வரும் பிள்ளைகள் கையில் உறையில் பணம் வைத்துக் கொடுப்பார்கள். திறந்த இல்ல உபசரிப்புக்கு, அதாவது பண்டிகைக்கு வீட்டைத் திறந்துவைத்து வருவோருக்கெல்லாம் வைக்கும் விருந்துக்கு, போன இடங்களில் எங்கள் பிள்ளைகள் வாங்கிக்கொண்டே இருக்க, அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்க எங்களிடம் ஒன்றுமில்லை. பரிசு இல்லை என்பது உங்கள் வீட்டுக்குள் பேசிக்கொண்டது. விருந்துக்குக் கூப்பிட்டவரை அது கட்டுப்படுத்தாது. ஐந்து, பத்து ரிங்கிட் தாள்களை உறையில் போட்டுக் கையில் வைத்திருங்கள். ஊரிலிருந்து பலகாரமும் எடுத்துப் போங்கள். நாங்கள் தூத்துக்குடி மக்ரூன் கொண்டுபோனோம். முந்திரியும் முட்டை வெள்ளையும் சேர்ந்த அது தொட்டாலே நொறுங்கும் என்பதால், பெட்டியில் திணிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டோம்.

பணக் கணக்கில் இரண்டு விஷயங்களை மறக்காதீர்கள். டிசம்பரில் அங்கே பள்ளி விடுமுறை, ஹோட்டல் விலை ஏறும். வெளிநாட்டவர் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரியும் கட்ட வேண்டும். மலேசியாவுக்குள் நுழைய இணையத்தில் நிரப்பும் மின்னியல் வருகை அட்டையை (MDAC), போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்புங்கள். 1923இல் ஓடத் தொடங்கிய கொடிமலை (பினாங்கு ஹில்) ரயிலில் ஏற ஆசைப்பட்டால், பண்டிகை நாள் மதியத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

திருப்பலி நேரத்தை ஊகித்துக்கொண்டு போகாதீர்கள். அங்கே ஒரே பங்குக் கோவிலில் தமிழ், ஆங்கிலம், சீனம், மலாய் என்று தனித்தனியாகப் பூசை நடக்கும். தமிழ்ப் பூசை எத்தனை மணிக்கு என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பினாங்கு ரோட்டில் புனித சவேரியார் கோவில் இருக்கிறது. சவேரியார் வந்து போதித்த முத்துக்குளித்துறையிலிருந்து, அதாவது எங்கள் தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து, போகும் எங்களுக்கு, கடல் கடந்தும் அதே சவேரியார் என்பது பெரிய ஆறுதல்.

கடைசியாகத் தொலைபேசி. மலேசியா நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். முதல் வருடம் அங்கே காலை ஏழுக்கு அம்மாவை அழைத்தேன். ஊரில் அதிகாலை நாலரை. நள்ளிரவுப் பூசை முடிந்து அப்போதுதான் கண்ணயர்ந்தவள், யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறிப்போனாள். இரண்டாம் முறை அங்கே பதினொன்றரை ஆகும்வரை பொறுத்திருந்து பேசினோம். அம்மா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. போனைப் பேத்தியிடம் கொடுக்கச் சொல்லி, எந்தெந்த வீட்டுக்குத் தட்டு கொண்டுபோனாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.