மும்பைக் கரையில் கடல் முள்ளெலியையும் நட்சத்திர மீனையும் கவனிப்பது எப்படி

மெரினாவைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு மும்பைக் கடல் முதலில் வியப்பைத் தரும். சென்னையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான் மாறுகிறது. மும்பையிலோ அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அந்த வேறுபாடு நான்கு மீட்டரைத் தாண்டிவிடுகிறது. அப்போது மணிக்கணக்கில் வெளியே தெரியும் பாறைகளிலும் அவற்றின் நடுவே தேங்கும் குட்டைகளிலும், முட்தோலிகள் எனப்படும் தொகுதியைச் சேர்ந்த கடல் முள்ளெலியையும் நட்சத்திர மீனையும் கால் நனையும் ஆழத்திலேயே காண வாய்ப்புண்டு.

முதலில் நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மும்பையில் அமாவாசையன்றும் பௌர்ணமியன்றும் வற்றம் ஏறத்தாழ காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் வரும். பிறகு ஒவ்வொரு நாளும் முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் தள்ளிப்போகும். குளிர்காலத்தில் காலை ஆறு மணிக்கு இருட்டாகவே இருக்கும் என்பதால், மூன்றாம் பிறை தெரியும் நாளை ஒட்டிய காலைப் பொழுதையே நான் பரிந்துரைப்பேன். நீரும் நன்றாக வற்றியிருக்கும், வெளிச்சமும் இருக்கும். வீட்டுப் பஞ்சாங்கத்தில் திதியைப் பார்த்து நாளை முடிவு செய்துகொண்டு, துல்லியமான நேரத்தை, ஏற்ற வற்ற நேரங்களைத் தரும் ஓத அட்டவணையில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கரையில் கோலி மீனவர்களைக் கண்டால் கேட்கவும் செய்யலாம். ஏற்றத்தை அவர்கள் பர்தி என்றும், வற்றத்தை ஓஹோட்டி என்றும் சொல்வார்கள். வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே கரையில் இருங்கள். நீர் திரும்பத் தொடங்கியதும் நீங்களும் திரும்புங்கள். மழைக்கால மாதங்களில் போகவே வேண்டாம்.

ரப்பர் செருப்பு பாசியில் வழுக்கும். வெறுங்காலில் முள் ஏறும். பிடிமானமுள்ள, விரல்களை மூடிய பழைய காலணியே நல்லது. முள் குத்திவிட்டால் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை இடுக்கியால் மெல்ல எடுத்துவிட்டு, பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்திருங்கள். முள் ஆழமாகவோ மூட்டருகிலோ புதைந்திருந்தால் மருத்துவரிடம் காட்டுவதே முறை.

குட்டையை அடைந்தவுடன் உள்ளே இறங்காதீர்கள். உங்கள் நிழல் நீரில் விழாதபடி ஓரமாகக் குந்தி, ஐந்து நிமிடம் அசையாமல் இருங்கள். பாறை இடுக்கில் முள் உருண்டை ஒன்று தெரிந்தால், முட்களை விட்டுவிட்டு முட்களுக்கு நடுவே பாருங்கள். நூலிழை போன்ற, நுனியில் சிறு வட்டுள்ள குழாய்க்கால்கள் நீண்டும் சுருங்கியும் நீரைத் துழாவிக்கொண்டிருக்கும். உடலுக்குள் ஓடும் நீர்க்குழாய் மண்டலத்தின் அழுத்தமே அவற்றை நீட்டுகிறது. ஒவ்வொரு முள்ளும் நம் தோள்மூட்டைப் போல ஒரு குமிழின் மேல் பொருந்தியிருப்பதால் எந்தப் பக்கமும் சாயும். கையை மெல்ல மேலே கொண்டுவந்து நிழல் விழச் செய்தால், சில இனங்கள் முட்களை அந்தத் திசை நோக்கித் திருப்புவதையும் காணலாம். கண் என்று தனி உறுப்பு இல்லாத உயிர் நிழலை உணர்கிறது என்பதை நேரில் பார்க்கும்போது எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது. சில முள்ளெலிகள் கிளிஞ்சல் துண்டையும் பாசியையும் குழாய்க்கால்களால் பற்றித் தலைமேல் சுமந்திருக்கும். அது குப்பை என்று நினைத்து அகற்றிவிடாதீர்கள்.

வாய் அடிப்பக்கம் இருப்பதால் உயிருள்ள முள்ளெலியில் அதைத் தேட வேண்டாம். ஐந்து பற்களும் அவற்றை இயக்கும் சட்டகமும் சேர்ந்த அந்த அமைப்புக்கு அரிஸ்டாட்டிலின் விளக்கு என்று பெயர். பற்கள் தேயத் தேய வளர்வதோடு, தாமே கூர்மையாகியும் கொள்கின்றன. மணலில் முட்கள் உதிர்ந்த வெற்று ஓடு கிடைத்தால் அதன் வாய்த்துளை வழியே கைபேசியின் விளக்கைப் பாய்ச்சுங்கள். ஓட்டின் மேல் நுண்துளைகள் ஐந்து பட்டைகளாக ஒளிரும். ஒவ்வொரு துளை இணையும் ஒரு குழாய்க்கால் இருந்த இடம். நட்சத்திர மீனின் ஐந்து கைகளை மேல்நோக்கி வளைத்து ஒட்டினால் முள்ளெலி ஆகிவிடும் என்று குழந்தைகளுக்குச் சொல்வதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

நட்சத்திர மீனுக்கு மணற்பாங்கான கரைகளைப் பாருங்கள். மணல் நட்சத்திரம் புதைந்து கிடக்கும். ஈரமணலில் ஐந்து முனை உள்ள மங்கலான அச்சு தெரிந்தால் அதற்கு அடியில் அது இருக்கலாம். அதன் குழாய்க்கால்கள் கூர்முனை உடையவை. பாறையில் ஒட்டுவதற்கு அல்ல, மணலைத் தள்ளுவதற்கு. சிறு சிப்பிகளை அது முழுதாக விழுங்கும். வேறு பல நட்சத்திர மீன்களோ இரைப்பையையே வாய்க்கு வெளியே தள்ளி, சிப்பியின் ஓட்டுக்குள் செலுத்தி, அங்கேயே செரிக்கின்றன. முதுகில் நடுவிலிருந்து சற்று விலகி, சிறு பொத்தான் போல ஒரு புள்ளி தெரியும். அது நீர்க்குழாய் மண்டலத்தின் சல்லடைத் தட்டு. ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒளியை உணரும் கண்புள்ளி உண்டு. இதற்கு மூளை இல்லை, நரம்பு வளையம்தான். அலை புரட்டிப் போட்டால்கூட ஓரிரு கைகளை மடித்து ஊன்றித் தானே திரும்பிக்கொள்ளும். உதவ அவசரப்படாமல் கவனியுங்கள். கைகள் ஒன்றுக்கொன்று இசைந்து வேலை செய்வதைக் காண அதைவிட நல்ல தருணம் வாய்க்காது.

கல்லைப் புரட்டினால் மெல்லிய கைகளுடைய நொறுங்கு நட்சத்திரங்கள் ஓடலாம். தொட்டால் கைகளை உதிர்த்துவிடும். கல்லை இருந்தபடியே, இருந்த பக்கமாகவே திருப்பி வையுங்கள்.

எந்த முட்தோலியையும் பாறையிலிருந்து பிய்த்தெடுக்காதீர்கள், குழாய்க்கால்கள் அறுந்துவிடும். வீட்டுக்கும் எடுத்துச் செல்லாதீர்கள். பல ஆண்டுகளுக்கு முன் என் அக்கா மகன், “மாமா, ஒரே ஒரு நாள் வெச்சுக்கறேன்” என்று கெஞ்சியதால் கடல்நீர் நிரப்பிய பாட்டிலில் ஒரு மணல் நட்சத்திரத்தை மாட்டுங்கா வரை கொண்டுவந்தேன். இரவுக்குள் கைகள் தளர்ந்து அது இறந்துபோனது. அவன் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. சிறிய அளவு நீர் சூடேறியதும், உயிர்வளி குறைந்ததும் அதற்குக் காரணமாக இருக்கலாம். உப்பளவு மாறினாலும் இவற்றால் தாங்கமுடியாது. நன்னீரில் வாழும் முட்தோலி ஒன்றுகூட உலகில் இல்லை. குடிநீரால் இவற்றைக் கழுவிப் பார்ப்பதும் கொடுமையே.

எடுத்துவரக் கூடியது படமும் குறிப்பும்தான். மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம், அளவு தெரிய அருகில் ஒரு ரூபாய் நாணயம். நோட்டில் தேதி, திதி, வற்ற நேரம், குட்டையின் அடி மணலா பாறையா, அந்த உயிர் அப்போது என்ன செய்துகொண்டிருந்தது என்பதை எழுதுங்கள். அடுத்த மாதம் அதே திதியில் அதே குட்டைக்குப் போய், அதே இடுக்கில் முதலில் பாருங்கள்.