சொந்தமாகக் கேபின் கட்டுகிறீர்களா? அடித்தளப் பிடிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிழக்குக் கடற்கரைச் சாலையின் இருபுறமும் சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே கேபின்கள் முளைத்துக்கொண்டே இருக்கின்றன. இரும்புச் சட்டம், தகரக் கூரை, தகரம் அல்லது சிமென்ட் பலகைச் சுவர். ஒரு வெல்டரும் ஒரு கொத்தனாரும் கிடைத்தால் நாமே கட்டிவிடலாம் என்று பலர் இறங்குகிறார்கள். கட்டலாம்தான். ஆனால் மாமல்லபுரத்திலிருந்து மரக்காணம் வரை எந்தப் புதுக் கேபினைப் போய்ப் பார்த்தாலும், தூண் தரையைத் தொடும் இடத்தில் அதே நாலைந்து தவறுகள்தான் கண்ணில் படுகின்றன. ரசமட்டம் பார்க்காதது, மூலைமட்டம் சரியில்லாதது போன்றவற்றை நான் எழுதப்போவதில்லை. அவற்றை எந்தக் கொத்தனாரும் சொல்லிவிடுவார்.

பாரம் தாங்கினால் போதும் என்று நினைப்பது

செங்கல் வீட்டின் அடித்தளத்துக்குப் பாரம் சுமப்பதுதான் முதல் வேலை. தகரக் கேபினின் அடித்தளத்துக்கு அது பறந்துவிடாமல் பிடித்துக்கொள்வதே முதல் வேலை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடந்தபோது கடலூர்ப் பக்கத்தில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு கணக்கு.

காற்றுச் சுமைக்கான இந்தியத் தரக்குறியீடான ஐ.எஸ். 875 சென்னைக்குக் கொடுத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். அந்த வேகத்தில் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ. 10க்கு 20 அடி கேபினின் கூரை 18.6 சதுர மீட்டர். காற்றடிக்கும் பக்கத்துக் கதவு திறந்துகொண்டால் உள்ளே புகுந்த காற்று கீழிருந்து தள்ளும். மேலே ஓடும் காற்று உறிஞ்சும். தோராயமாக 2.8 டன் மேல்நோக்கி இழுக்கிறது என்று வையுங்கள். தகரச் சுவர்க் கேபின் மொத்தமாகவே ஒரு டன்னை எட்டுவது அரிது.

இனி குழிக்கு வாருங்கள். ஒரு கன அடி கான்கிரீட் 68 கிலோ. ஓர் அடிச் சதுரத்தில் இரண்டடி ஆழக் குழி என்றால், ஆறு தூணுக்கும் சேர்த்து 800 கிலோ சொச்சம்தான். ஒன்றரை அடிச் சதுரத்தில் மூன்றடி ஆழம் என்றால் அதே ஆறு குழிகள் 2.7 டன்னைத் தாண்டுகின்றன. கூடுதல் செலவு சில மூட்டை சிமென்ட். இதில் மிச்சம் பிடித்துவிட்டு, வாசலுக்கு விலையுயர்ந்த விளக்கு வாங்குகிறார்கள்.

போல்ட்டைக் கண்ணளவில் செருகுவது

எனக்கு இன்னமும் எரிச்சலூட்டுவது இதுதான். கொத்தனார் காலையில் கான்கிரீட் கொட்டுகிறார். அது இறுகுவதற்குள் தூணைக் கான்கிரீட்டோடு பிடிக்கும் நான்கு ஜே போல்ட்டுகளை (அடிமுனை வளைந்தவை) கையால் குத்தி நிறுத்துகிறார். ‘எட்டு அங்குலத் தகடுதானே, நமக்குத் தெரியாதா’ என்கிறார். வெல்டர் பத்து நாள் கழித்துத் தன் பட்டறையில் துளை போட்ட பேஸ் பிளேட்டோடு, அதாவது தூணின் அடியில் போல்ட்டில் மாட்டும் அந்தத் தகட்டோடு, வந்து இறங்குகிறார். இருவரும் அதுவரை ஒருவரையொருவர் பார்த்ததுகூட இல்லை. நான்கு போல்ட்டில் ஒன்றுதான் துளைக்குள் நுழைகிறது. இரண்டு போல்ட்டுகள் விரற்கடை தள்ளி நிற்கின்றன. இன்னொன்று சாய்ந்து நிற்கிறது.

அப்புறம் நடப்பதைச் செய்யூர் அருகே ஒரு தோப்பில் நின்று பார்த்தேன். கிரேனுக்கு மணிக்கணக்கில் வாடகை ஓடிக்கொண்டிருந்தது. வெல்டர் கேஸ் கட்டரை எடுத்து ஒரு துளையைப் பெரிதாக்கினார். அது பாம்படம் போட்ட காதுபோல நீண்டு தொங்கியது; வாஷர் பாதி வெற்றிடத்தில் உட்கார்ந்தது. சாய்ந்த போல்ட்டைப் பழுக்கக் காய்ச்சிச் சம்மட்டியால் நிமிர்த்தினார். அடி விழ விழக் கான்கிரீட்டின் விளிம்பில் மயிரிழை போல விரிசல் ஓடியது. கடைசிப் போல்ட்டை அடியோடு அறுத்துவிட்டு, மிஞ்சிய முனையில் தகட்டை வைத்து வெல்டிங் அடித்தார். மேலே சாம்பல் நிறப் பெயின்ட். உரிமையாளர் வந்து பார்த்தபோது நான்கும் ஒழுங்காகத்தான் தெரிந்தன. காற்றின் உறிஞ்சல் அதிகம் விழும் மூலைத்தூண் அது.

வழி எளிது. முதலில் பேஸ் பிளேட்டைச் செய்யுங்கள், பிறகு குழி தோண்டுங்கள். அதே தகட்டை மாதிரியாக வைத்து ஒரு பிளைவுட் துண்டில் துளை போட்டு, நான்கு போல்ட்டையும் மேலும் கீழும் நட் போட்டு முறுக்குங்கள். அந்தப் பலகையைக் குழிக்குக் குறுக்கே கிடத்தி, நூல் பிடித்து, ஆணி அடித்து நிறுத்திய பிறகுதான் கான்கிரீட் கொட்ட வேண்டும். கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் ஓடியபின் நூலை இன்னொரு முறை பாருங்கள். 16 மில்லிமீட்டர் போல்ட்டுக்குத் தகட்டுத் துளை 20 மில்லிமீட்டர் இருக்கட்டும். மேலே தடித்த சதுர வாஷர். கொஞ்சம் விலகினாலும் சமாளிக்கலாம்.

ஏற்கெனவே விலகிவிட்டதா? கட்டரைத் தொடாதீர்கள். நிற்கிற போல்ட்டை அளந்து புதுத் தகடு வெட்டுங்கள். நான்கு தகடு வீணானாலும் கிரேன் வாடகையைவிடக் குறைவுதான். அதுவும் முடியாவிட்டால் கெமிக்கல் ஆங்கர், அதாவது இறுகிய கான்கிரீட்டில் துளை போட்டுக் கம்பியைப் பசையால் ஒட்டுவது: 16 மில்லிமீட்டர் கம்பிக்கு 18 மில்லிமீட்டர் துளை, ஐந்து அங்குல ஆழம், விளிம்பிலிருந்து தள்ளி. துளைக்குள் பிரஷ் விட்டுத் தேய்த்து, ஊதி, மறுபடி தேய்த்து, மறுபடி ஊத வேண்டும். தூசி ஒட்டியிருந்தால் பசை தூசியைத்தான் பிடிக்கும், கான்கிரீட்டை அல்ல.

டி.எம்.டி. கம்பியில் மரை வெட்டிப் போல்ட் ஆக்குவது

கான்கிரீட்டுக்குள் போடும் அந்தக் கம்பியின் வலு வெளித்தோலில் இருக்கிறது. மரை வெட்டும்போது போவதும் அதுதான்.

மறுநாளே தூண் ஏற்றுவது

கான்கிரீட்டுக்கு ஏழு நாள் தண்ணீர் காட்டுங்கள், பிறகு ஏற்றலாம்.

தகட்டுக்கு அடியில் டைல்ஸ் துண்டு

மட்டம் சரிசெய்யக் கையில் கிடைத்ததை அடைக்கிறார்கள். தகட்டுக்குக் கீழே ஒவ்வொரு போல்ட்டிலும் ஒரு நட் போட்டு அதைத் திருகினால் மட்டம் தானாக வரும். தகட்டுக்கு அடியில் உள்ள இடைவெளியில், சுருங்காத சிமென்ட் கலவையான கிரவுட்டை நிரப்புங்கள்.

பேஸ் பிளேட்டைப் புதைப்பது

தோப்புப் பக்கம் புதிதாகப் பரவிவரும் நோய் இது. கட்டி முடித்ததும் அழகுக்காகச் சுற்றிலும் மண் நிரப்பிக் கல் பதிக்கிறார்கள். தகடும் நட்டும் உள்ளே போய்விடுகின்றன. கடற்காற்றின் உப்பும் மழையீரமும் சேர்ந்து போல்ட்டை அரிப்பது வெளியே தெரியாது. கான்கிரீட் மேடையைத் தரைக்கு மேல் அரையடி உயர்த்தி, தண்ணீர் தேங்காதபடி சரிவாகத் தேய்த்துவிடுங்கள். துத்தநாகம் பூசிய கால்வனைஸ்டு போல்ட் வாங்குங்கள். ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் ஸ்பேனரோடு ஒரு சுற்று வந்து, இறுகாமல் வெறுமனே சுற்றும் நட்டைக் குறித்துவையுங்கள்.