சிறையில் மனநோயாளி: குடும்பத்தாரும் வழக்கறிஞர்களும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனநோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்த ஒருவர் கைதானதும், பழைய மருத்துவச் சான்றைக் காட்டினால் விடுதலை கிடைத்துவிடும் என்று நம்பிச் சும்மா இருந்துவிடுவதே பரவலான தவறு. குற்றங்களையும் தண்டனைகளையும் வரையறுக்கும் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவு, மனநோயால், செயல் நடந்த நேரத்தில் அதன் தன்மையையோ அது தவறு என்பதையோ அறிய இயலாத நிலையில் அவர் இருந்தாரா என்று மட்டுமே கேட்கிறது. நெடுநாள் சிகிச்சை அதற்குத் துணைச் சான்றாகலாம், அதுவே போதாது.

இப்போது வழக்கை எதிர்கொள்ளும் நிலையில் அவர் இருக்கிறாரா என்பது வேறு கேள்வி. இங்கே கவனிக்காமல் விடப்படுவது, குற்ற வழக்கு நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 369ஆம் பிரிவு. தம் தரப்பை எடுத்துரைக்க இயலாதவர் என்று நீதிமன்றம் கண்டு, உள்நோயாளியாக வைக்க வேண்டிய தேவையும் இல்லையென்றால், ஜாமீனில் விட முடியாத குற்றமானாலும், தொடர்ந்து புறநோயாளிச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்வதாகவும் யாருக்கும் தீங்கு நேராமல் பார்த்துக்கொள்வதாகவும் உறவினரோ நண்பரோ பொறுப்பேற்றால் ஜாமீன் கிடைக்கும். பொறுப்பேற்க ஆள் வராததால் உள்ளேயே இருப்பவர்களுக்கு இந்தப் பிரிவு வெறும் எழுத்துதான்.

மருத்துவமனைக்கு மாற்றிவிட்டார்கள் என்ற நிம்மதியில் வழக்கை மறப்பது இதைவிடக் கொடியது. அசாமின் மச்சாங் லாலுங் 1951இல் கைதாகி, தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். அவர் குணமடைந்துவிட்டதாக மருத்துவர்கள் 1967இல் சான்றளித்தும், விசாரணையே நடக்காமல் 2005இல்தான் வெளியே வந்தார். ஆகவே ஒவ்வொரு வாய்தாவிலும் மருத்துவமனை அறிக்கை கோப்பில் சேர்ந்ததா என்று வழக்கறிஞர் கேட்டாக வேண்டும்.

நோயின் அறிகுறியை ஒழுங்கீனமாகக் கருதித் தனியறையில் அடைப்பதையும் சங்கிலியிடுவதையும், 'சிறை என்றால் அப்படித்தான்' என்று குடும்பத்தாரே ஏற்றுக்கொள்கிறார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 இரண்டையும் தடை செய்கிறது. மனநோயாளிக் கைதியைச் சிகிச்சைக்கு மாற்றாமல் சிறையிலேயே வைத்திருப்பது ஏன் என்று சிறை மருத்துவ அலுவலரைக் கேட்கும் அதிகாரம், அச்சட்டத்தின் 103ஆம் பிரிவின்படி, அதன்கீழ் அமைக்கப்படும் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு உண்டு. மனு எழுதப் பணமில்லாதவர்கள் இலவசச் சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடலாம்.

வெட்கப்பட்டு நோயை மறைப்பதும் உண்டு. உள்ளே போன அன்றே மாத்திரை நின்றால் நோய் திரும்ப நெடுநாள் ஆகாது. மருந்தின் பெயர், அளவு, வேளை மூன்றும் தெளிவாகத் தெரியும் சீட்டின் நகலைச் சிறை மருத்துவருக்குச் சேர்ப்பியுங்கள். மனநிலையைச் சீராக்கும் மருந்தான லித்தியம் எடுப்பவரென்றால், ரத்தத்தில் அதன் அளவைக் காட்டும் கடைசிப் பரிசோதனை முடிவையும் இணைத்துக் கொடுங்கள்.