படியில் வெந்நீர் ஊற்றாதீர்கள்

குளிர்காலத்தில் விடியும் முன்பே என் வேலை தொடங்கிவிடும். குடியிருப்பின் படிகளிலும் நடைபாதையிலும் பனி அள்ளி, யாரும் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த இருவரைப் பார்த்தபோது என் முதல் குளிர்காலம் அப்படியே கண்முன் வந்தது. மெதுவாக நடங்கள், கைப்பிடியைப் பிடியுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

வெந்நீர்

படியில் ஐஸ் படிந்திருந்தால் உடனே கெட்டிலைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். எனக்கு இன்னும் ஆத்திரம் வருவது இதைப் பார்த்தால்தான். ஊற்றியதும் ஐஸ் கரைகிறது, வேலை முடிந்ததுபோல் இருக்கிறது. கரைந்த தண்ணீர் எங்கே போகும்? கீழ்ப்படிக்கு வழிந்து, மெல்லிசாகப் பரவி, கொஞ்ச நேரத்தில் மறுபடி உறைகிறது. முன்பு இருந்த ஐஸ் சொரசொரப்பாகவாவது இருந்தது. இப்போது இருப்பது கண்ணாடி. பார்த்தால் வெறும் ஈரம் என்றுதான் தோன்றும்.

நானும் ஓர் இரவு மூன்று படிக்கு வெந்நீர் ஊற்றிவிட்டுப் படுக்கப் போனேன். காலையில் முதலில் இறங்கியவர் அப்பா. இரண்டாவது படியில் கால் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. சட்டைப் பொத்தானைக்கூட அம்மாதான் போட்டுவிட்டார். அந்த விரல்கள் இன்னும் முழுசாக மடங்குவதில்லை.

சரி, என்ன செய்வது? பனியை மிதிபடும் முன்பே அள்ளிவிடுங்கள். மிதிபட்டு இறுகிவிட்டால் பெயர்ப்பது பெரும்பாடு. உறையும் முன்பே உப்பைத் தூவுங்கள். சாதாரண உப்பு மைனஸ் 9 டிகிரி வாக்கிலேயே திணற ஆரம்பிக்கும். அதற்கும் கீழே போனால், கடுங்குளிரிலும் ஐஸைக் கரைக்கும் கால்சியம் குளோரைடு என்ற வேறு வகை உப்பு. அதுவும் இல்லையா, மணல். மணல் ஐஸைக் கரைக்காது, ஆனால் காலுக்குப் பிடிமானம் தரும். உப்பில் கரைந்த சகதியை அப்படியே விடாமல் விளக்குமாற்றால் தள்ளிவிடுங்கள்.

பாக்கெட்டில் கை

கூடாது. கையுறை போடுங்கள்.

காரிலிருந்து இறங்கும்போது

இரண்டு பாதமும் தரையில் பதிந்த பிறகே எழுந்திருங்கள்.

ஷூவில் மாட்டும் ஆணிப்பட்டை

வெளியே நல்ல துணை. வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். டைல்ஸ் மேல் அந்த உலோக முனைகள் சறுக்கும். தெரு முழுக்க ஐஸைத் தாண்டி வந்தவர் சொந்த வீட்டு நடையில் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன்.

நடை

எட்டி வைத்தால் குதிகால்தான் முதலில் படும், அதுதான் வழுக்கும். பாதம் முழுக்கத் தட்டையாகப் பதிய, உடல் எடை முன்காலின் மேல் இருக்க, சின்னச் சின்ன அடி.

கூரை சொட்டும் இடம்

பகலில் நனையும், இரவில் உறையும். தினமும் காலையில் நான் முதலில் மணல் போடுவது அங்கேதான்.