சிரிக்க வைக்கும் பூதம் ஒன்றை நீங்களே செய்வது எப்படி?

ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் வீரர்களாகி டைஸ் உருட்டி ஆடும் மேசை ஆட்டம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். அதை நடத்தத் தொடங்கிய யாருக்கும் ஒரு கட்டத்தில் சொந்தப் பூதம் செய்து பார்க்கும் ஆசை வரும். வேடிக்கையான பூதம் என்றதும் பலர் தோற்றத்திலிருந்து தொடங்குகிறார்கள்: கோழித் தலை, மூன்று மூக்கு, வாயில் நுழையாத ஒரு பெயர். அறிமுகம் செய்யும்போது எல்லோரும் சிரிப்பார்கள். இரண்டாவது சுற்றில் அதே பூதம் வெறும் ஹிட் பாயிண்ட் (அடி வாங்கித் தீரும் உயிர்ப்புள்ளி) மூட்டையாகிவிடும். வர்ணனையில் இருக்கும் நகைச்சுவை சொன்ன உடனே தீர்ந்துவிடுகிறது. விதியில் இருக்கும் நகைச்சுவையோ ஒவ்வொரு முறை டைஸ் உருளும்போதும் புதிதாகப் பிறக்கும். அதனால் நாம் விதியிலிருந்து தொடங்குவோம்.

படி 1: எதற்குப் பயப்பட வைக்கப் போகிறீர்கள்?

இந்த ஆட்டத்தின் பழைய பூதங்களில் ஒன்று ரஸ்ட் மான்ஸ்டர். ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ், மலிவான பிளாஸ்டிக் பொம்மைகளில் இருந்த ஒரு விநோத உருவத்தைப் பார்த்து இதை அமைத்தார். இது தொட்டால் இரும்பு துருப்பிடித்து உதிரும், அவ்வளவுதான். ஐந்தாம் பதிப்பின் 2014 புத்தகத்தில் இதற்கு 27 ஹிட் பாயிண்ட், சேலஞ்ச் ரேட்டிங் (எவ்வளவு கடினமான எதிரி என்ற அளவு) 1/2. ஒரு கடி சராசரியாக 5 டேமேஜ்தான். ஆனாலும் டிராகனை எதிர்த்து நிற்கும் வீரர், இதைக் கண்டால் கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. உயிருக்குப் பயப்படும் மேசையில் சிரிப்பு வராது. பொருளுக்கோ மானத்துக்கோ பயப்படும் மேசையில் கட்டாயம் வரும். ஆபத்து உண்மையாக இருக்க வேண்டும், ஆனால் உயிரைவிடச் சின்னதாக இருக்க வேண்டும். அப்படி ஒன்றை முதலில் தேர்ந்தெடுங்கள். நம் பூதத்துக்கு நான் கையில் இருக்கும் பொருளை எடுத்துக்கொள்கிறேன்.

படி 2: பூதம் தன்னை எப்படி நினைத்துக்கொள்கிறது?

பொருளைப் பறித்துக்கொண்டு ஓடினால் அது சாதாரணத் திருடன். எரிச்சல்தான் வரும். ஆகவே இந்தப் பூதம் திருடவில்லை. 300 ஆண்டுகளுக்கு முன் இடிந்துபோன ஒரு கோட்டையின் கிடங்குக் காவலன் இது. அரசர் இறந்த செய்தியை யாரும் இதனிடம் சொல்லவில்லை. கோட்டைக்குள் நுழையும் எவருடைய பொருளையும் பத்திரமாக வாங்கி வைத்து ரசீது கொடுப்பதுதான் தன் கடமை என்று முழு மனதோடு நம்புகிறது. பெயர் ரசீதுப் பூதம்.

பூதம் தன் வேலையை மிகவும் தீவிரமாக எடுத்துக்கொள்ள வேண்டும். அது தானே சிரித்தால், ஜோக் அடித்தால், ஆட்டக்காரர்கள் சிரிக்க மாட்டார்கள். நீங்கள் பேசும்போதும் அப்படித்தான்: குரலை உயர்த்தாமல், பொறுமையான குமாஸ்தா மாதிரி பேசுங்கள்.

படி 3: ஒரே ஒரு விதி

ஆரம்பத்தில் எல்லோரும் ஐந்தாறு சக்திகள் எழுதிவிடுவோம். வேண்டாம். ஒன்று போதும், அதைத் தெளிவாக எழுதுங்கள்:

*பறிமுதல்.* ஒரு சுற்றுக்கு ஒருமுறை, பூதத்தின் அடி பட்டவர் டிசி 13 டெக்ஸ்டெரிட்டி சேவிங் த்ரோ போட வேண்டும் (டி20 எனும் இருபது பக்க டைஸை உருட்டி, தன் சுறுசுறுப்புக்கான எண்ணைக் கூட்டி, 13 அல்லது அதற்கு மேல் எடுக்க வேண்டும்). தோற்றால் அவர் கையில் உள்ள ஒரு பொருள் பூதத்தின் பைக்குள் போய்விடும். பதிலுக்கு அதே கையில் ஒரு ரசீது இருக்கும். பிறகு யாராவது தன் முறைக்குக் கிடைக்கும் ஆக்‌ஷனைச் செலவழித்து ரசீதை நீட்டினால், பூதம் அந்தப் பொருளை மறுபேச்சில்லாமல் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும்.

கடைசி வாக்கியம்தான் உயிர்நாடி. திரும்பப் பெற வழி இருப்பதால் பறிகொடுத்தவர் கோபப்படாமல் திட்டம் போடத் தொடங்குகிறார். வாளைக் கேட்டு வாங்குவதா, வெறுங்கையால் குத்துவதா? ரசீதை மந்திரவாதியிடம் கொடுத்து அவரை வாங்கச் சொல்லலாமா? ரசீது எரிந்துவிட்டால்? அப்போது ஒரு சாட்சி வந்து ‘இது இவருடையதுதான்’ என்று சொல்ல வேண்டும் என வைத்துக்கொள்ளுங்கள். டிசி 10 பர்சுவேஷன் (பேசி நம்ப வைக்கும் திறன்) போதும். யாராவது போலி ரசீது எழுதலாமா என்று கேட்பார்கள். கட்டாயம் கேட்பார்கள். எழுதட்டும். அதற்காகத்தான் பூதத்தின் விஸ்டமை (ஏமாற்றைக் கண்டுபிடிக்கும் விவேகம்) 8 என்று குறைவாக வைக்கப் போகிறோம்.

சரி, ரசீதில் என்ன எழுதியிருக்கும்? இதை முன்கூட்டியே தயார் செய்யுங்கள். உண்மையான துண்டுக் காகிதங்களில் எழுதி, பறிமுதல் நடக்கும்போது ஆட்டக்காரர் கையில் கொடுத்துவிடுங்கள். என் மேசையில் ஒருவருடைய பரம்பரை வாளைப் பூதம் எடுத்தது. நான் நீட்டிய சீட்டில் இருந்தது இது: ‘இரும்புத் துண்டு, நீளமானது, 1. ஓரத்தில் துரு. கைப்பிடி பிசுபிசுப்பு.’ வாள் போனதை அவர் பொருட்படுத்தவே இல்லை. அடுத்த இரண்டு சுற்றும் அவர் சண்டை போடாமல், அது துரு இல்லை என்று பூதத்திடம் வாதாடிக்கொண்டிருந்தார். பூதமும் பேனாவை எடுத்து, சீட்டைத் திருத்தி, மறுபடி நீட்டியது: ‘துரு (உரிமையாளர் மறுக்கிறார்).’

படி 4: எண்கள்

இந்த இடத்தில் பயப்பட ஒன்றுமில்லை. சிறிய உருவம், வேகம் 30 அடி, ஆர்மர் கிளாஸ் (இதன்மேல் அடி பட டைஸில் எட்ட வேண்டிய எண்) 13. ஆறு அடிப்படைத் திறன்கள்: ஸ்ட்ரென்த் (பலம்) 8, டெக்ஸ்டெரிட்டி 16, கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி) 12, இன்டெலிஜென்ஸ் (அறிவு) 13, விஸ்டம் 8, கரிஸ்மா (ஆளுமை) 14. பேரேட்டுப் புத்தகத்தால் ஓங்கி அடிக்கும்: டி20 உடன் 5 கூட்ட வேண்டும், டேமேஜ் 1டி6+3 (ஒரு ஆறு பக்க டைஸ், கூட்டல் 3). டெக்ஸ்டெரிட்டி 16 என்றால் கூட்டல் 3, ப்ரொஃபிஷியன்சி (பயிற்சிக்கான கூட்டல்) 2. இவற்றோடு விதிப்படி 8 சேர்த்தால் 13. பறிமுதலின் டிசி அப்படி வந்ததுதான்.

ஹிட் பாயிண்டில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். ரஸ்ட் மான்ஸ்டரைப் போல 27 வைத்தால் என்ன ஆகும்? முதல் நிலை வீரர்கள் நான்கு பேர், ஆளுக்குக் கூட்டல் 5, அடிக்கு சராசரி 7.5 டேமேஜ் என்று கொள்வோம். ஆர்மர் கிளாஸ் 13-ஐத் தொட டி20-இல் 8 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், அதாவது 65 சதவீதம். நான்கு பேருக்கும் சேர்த்து ஒரு சுற்றுக்கு 19.5. இரண்டாவது சுற்றில் பூதம் செத்துவிடும்.

நம் வேடிக்கைக்கு மூன்று சுற்று தேவை. முதல் சுற்றில் பொருள் போகும், இரண்டாவதில் ரசீதின் மகிமை புரியும், மூன்றாவதில் யாராவது குறுக்குவழி கண்டுபிடிப்பார்கள். எனவே ஹிட் டைஸை (ஹிட் பாயிண்டைத் தீர்மானிக்கும் டைஸ்) 10டி6+10 ஆக்கினேன், சராசரி 45. சிலர் கையில் ஆயுதமே இருக்காது என்பதால் நான்காவது சுற்று வரைகூடப் போகும். அதற்கு மேல் இழுக்க விடாதீர்கள். சேலஞ்ச் ரேட்டிங் 1/2, அதாவது வென்றவர்களுக்கு 100 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி).

படி 5: ஒரு ஒத்திகை

தனியாக உட்கார்ந்து, இரண்டு பக்கத்துக்கும் நீங்களே டைஸ் உருட்டி மூன்று சுற்று ஆடிப் பாருங்கள். ஒரே ஆளிடமே திரும்பத் திரும்பப் பறிமுதல் நடக்கிறதா? அப்படியானால் ‘ஏற்கெனவே ரசீது வைத்திருப்பவரிடம் இன்னொன்றைப் பறிக்காது’ என்று ஒரு வரி சேருங்கள். ஒரு ஆட்டக்காரரை மட்டும் மேசை முழுக்கச் சிரிப்புப் பொருளாக்கினால் அவர் அடுத்த வாரம் வரமாட்டார். பொருள் நிரந்தரமாக அழியக் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான்.

அப்புறம், பையில் என்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் போட்டு வையுங்கள். 300 வருடம் முன்பு கோட்டைக்குள் வந்தவர்களின் ஊன்றுகோல், ஒற்றைச் செருப்பு, பிரிக்காத கடிதம், நடுவில் ஒரே ஒரு நல்ல மந்திர மோதிரம். ஒவ்வொன்றோடும் அதன் ரசீது நகலும் ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருக்கட்டும்.

பூதம் தோற்றால் எப்படிச் சாக வேண்டும் என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். என்னுடையது கீழே விழுந்தபின் பேனாவைத் தேடி எடுத்து, கடைசியாக ஒரு சீட்டு எழுதி, அருகில் நிற்பவரிடம் பையோடு சேர்த்துக் கொடுக்கும். ‘கிடங்குப் பை, 1. பொருட்கள் அனைத்தும் சரியாக உள்ளன. பெற்றுக்கொண்டவர் கையொப்பம்:’ என்று இருக்கும். அந்தச் சீட்டையும் காகிதத்தில் எழுதி, ஒரு பேனாவோடு மேசை நடுவில் வையுங்கள்.