டர்போ ஏடபிள்யூடி செடான்: எந்தப் பாகத்தை முதலில் மாற்றுவது?

சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ, மிட்சுபிஷி லான்சர் எவோ மாதிரி நாலு சக்கரத்துக்கும் சக்தி போகும் (ஏடபிள்யூடி) டர்போ காரை வாங்கிய கையோடு என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் "எந்த டர்போ போடலாம்?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். "நாலு டயரும் ஒரே அளவு தேய்ந்திருக்கா? பிரேக் ஆயில் கடைசியா எப்ப மாத்தினீங்க?" என்று நான் திருப்பிக் கேட்பேன். பேச்சை மாற்றுவதற்காகக் கேட்பதில்லை. டர்போ எஞ்சினில் சக்தியைக் கூட்டுவது சுலபம். ஈசியூவில், அதாவது எஞ்சினின் கணினியில், சில எண்களை மாற்றினாலே பூஸ்ட் (டர்போ காற்றைத் தள்ளும் அழுத்தம்) ஏறிவிடும். ஏறிய சக்தியை டயரும் பிரேக்கும் கிளட்சும் பிஸ்டனும் தாங்குமா என்று பார்ப்பதில்தான் வேலையே இருக்கிறது. அதனால் எது முதலில் கைவிடுமோ அதை முதலில் கவனிப்பது என் வழக்கம். அது எது என்பதை விளம்பரம் சொல்லாது, அளந்து பார்த்தால்தான் தெரியும்.

நான் ஓட்டுவது ஈஜே257 எஞ்சின் உள்ள எஸ்டிஐ. எனவே உதாரணங்கள் கொஞ்சம் அந்தப் பக்கம் சாயும்.

டயரும் பிரேக்கும்

முதல் செலவு டயருக்குத்தான். நல்ல சம்மர் டயர் நாலு போட்டால் கார் திரும்புவது, நிற்பது, கிளம்புவது மூன்றுமே மாறும். வேறு எந்த ஒற்றைப் பாகமும் இந்த மூன்றையும் சேர்த்துத் தராது. ஏடபிள்யூடியில் இன்னொரு விஷயமும் உண்டு. நாலு டயரின் சுற்றளவும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். சுபாரு சொல்லும் எல்லை கால் அங்குலம், அதாவது சுமார் 6 மில்லிமீட்டர். ஒரு டயர் பஞ்சராகி அது மட்டும் புதிதாக மாறினால், நேர்ச் சாலையிலும் சென்டர் டிஃபரன்ஷியல் (முன்-பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிப்பது) ஓயாமல் அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிக்கொண்டே இருக்கும். மேனுவல் டபிள்யூஆர்எக்ஸில் இருப்பது போன்ற விஸ்கஸ் கப்ளிங் (கெட்டித் திரவத்தால் இயங்கும் இணைப்பு) என்றால் அது சூடேறிக் கெட்டுப்போகும். ஆகவே டயர் மாற்றினால் நாலையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய வீல் வாங்குகிறவர்கள் போல்ட் அளவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2004 எஸ்டிஐயில் 5x100 (ஐந்து போல்ட், 100 மில்லிமீட்டர் வட்டத்தில்), 2005-இல் இருந்து 5x114.3. ஒன்று மற்றதில் ஏறாது.

பிரேக்கில் பெரிய காலிப்பருக்கு (பேடை டிஸ்க்மேல் அழுத்தும் பாகம்) தாவ வேண்டாம். நல்ல பேடும் புது ஆயிலும் போட்டுப் பாருங்கள். டாட் 4 ஆயிலின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறிய பிறகு 155. பழைய ஆயில் மலைப்பாதை இறக்கத்தில் கொதித்தால் பெடல் தரைவரை போகும். அந்த நேரத்தில் ஆறு பிஸ்டன் காலிப்பர் இருந்தும் பயனில்லை. பெரிய பிரேக் கிட் தேவைப்படுவது டிராக்கில் சுற்றுக்குச் சுற்று ஓட்டி வெப்பம் தாங்காமல் போகிறவர்களுக்கு. முன்பக்கம் மட்டும் பெரிதாக்கினால் முன்-பின் பிரேக் விகிதமும் கெடும், அதைக் கணக்குப் பார்த்து வடிவமைத்த கிட்தானா என்று கேட்டு வாங்குங்கள்.

சஸ்பென்ஷனில் என் முதல் தேர்வு வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் தடித்த பின்பக்க ஆன்டி-ரோல் பாரும், முன் வீலுக்குக் கொஞ்சம் நெகட்டிவ் கேம்பர் (வீலின் மேல்பகுதி உள்பக்கம் சாய்வது) வைத்த அலைன்மென்ட்டும். இந்த வகைக் கார்களில் வளைவில் முன்பக்கம் வெளியே தள்ளும் சுபாவம் இந்த இரண்டிலேயே பாதி அடங்கிவிடும். காயிலோவர் (உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங்-டாம்பர் செட்) அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எஞ்சின் ஆரோக்கியமாக இருக்கிறதா?

சுவர் இருந்தால்தான் சித்திரம். பழைய கார் வாங்கியவர்கள் ஒரு பாகம்கூட ஆர்டர் செய்யும் முன் சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட், அது எவ்வளவு கசிகிறது என்று காட்டும் லீக்-டவுன் டெஸ்ட் இரண்டையும் செய்தாக வேண்டும். ஒரு சிலிண்டர் மட்டும் மற்ற மூன்றைவிடத் தெளிவாகக் குறைவாகக் காட்டினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். ஈஜே257-இல் பிஸ்டன் ரிங்குகளுக்கு நடுவே உள்ள மெல்லிய மேடு, ரிங் லேண்ட் என்பார்கள், உடைவது ஊரறிந்த பலவீனம். ஏற்கெனவே விரிசல் விட்ட பிஸ்டன்மேல் பூஸ்டைக் கூட்டினால் எஞ்சினே போகும். எவோ 9 வரை வந்த 4ஜி63-க்கு வார்ப்பிரும்பு பிளாக், அதற்குத் தாங்குசக்தி அதிகம் என்று பெயர். ஆனாலும் இருபது வருடம் பழைய எஞ்சின் எதுவானாலும் சோதிக்காமல் நம்பக் கூடாது.

அடுத்தது பூஸ்ட் லீக் டெஸ்ட். ஆறிய எஞ்சினில், டர்போவின் வாயில் ஒரு அடைப்பானைப் பொருத்தி, எஞ்சினுக்குள் போகும் பிரீதர் குழாய்களைக் கழற்றி அடைத்துவிட்டு, கம்ப்ரஸரில் இருந்து மெதுவாகக் காற்று ஏற்ற வேண்டும். அரை பார் வந்ததும் நிறுத்திக் காதைக் கொடுங்கள். "ஸ்ஸ்" என்று மெல்லிய சத்தம் வரும் பக்கம் சோப்புத் தண்ணீர் தெளித்தால் நுரை பொங்கும் இடம் தெரிந்துவிடும். பெரும்பாலும் இன்டர்கூலர் (டர்போவில் சூடான காற்றைக் குளிர்விப்பது) ரப்பர் இணைப்பு, பைபாஸ் வால்வின் (ஆக்ஸிலரேட்டரை விடும்போது மிஞ்சும் காற்றை இன்டேக்குக்கே திருப்பும் வால்வு) கேஸ்கெட், காய்ந்து வெடித்த வேக்குவம் குழாய், இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் (உள்ளே போகும் காற்றை அளப்பது) உள்ள காரில் இந்தக் கசிவு இரட்டைத் தொல்லை. சென்சார் எண்ணிய காற்று வெளியே போய்விடுவதால் கலவையில் பெட்ரோல் கூடும். ஈசியூ கேட்ட பூஸ்டை எட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுழன்று காற்றைச் சூடாக்கும். "இந்த டர்போ பத்தலை" என்று புலம்பிய சிலரின் காரில், ஒரு கிளாம்ப்பை இறுக்கியதும் பூஸ்ட் தானாக வந்திருக்கிறது.

லாக் என்ன சொல்கிறது?

நான் மனதார வற்புறுத்துவது இதைத்தான். பாகத்தை நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள், லாக், அதாவது ஓட்டும்போது பதிவாகும் எண்கள், தேர்ந்தெடுக்கட்டும். ஓபிடி போர்ட்டில் மாட்டி ஈசியூவின் எண்களைப் பதிவு செய்யும் கருவியை முதலில் வாங்குங்கள். டைனோவிலோ (சக்தி அளக்கும் உருளை இயந்திரம்) டிராக்கிலோ, மூன்றாம் அல்லது நான்காம் கியரில், 2,500 ஆர்பிஎம்மில் இருந்து ரெட்லைன் வரை ஒரே இழுப்பு. கேட்ட பூஸ்ட், வந்த பூஸ்ட், வேஸ்ட்கேட் டியூட்டி (பூஸ்டை அடக்கும் வால்வை ஈசியூ எவ்வளவு மூடிவைக்கிறது என்ற சதவீதம்), காற்று-பெட்ரோல் விகிதம், இக்னிஷன் டைமிங் (ஸ்பார்க் அடிக்கும் தருணம்), நாக் திருத்தம் (கலவை தானாக வெடிக்கும் நாக் கேட்டதும் ஈசியூ டைமிங்கைக் குறைக்கும் அளவு), உள்ளே வரும் காற்றின் வெப்பம், இன்ஜெக்டர் டியூட்டி (இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தின் சதவீதம்). இவ்வளவும் பதிவானால் போதும்.

படிப்பதும் கடினமில்லை. இன்ஜெக்டர் டியூட்டி 85, 90 சதவீதத்தைத் தாண்டினால் அடுத்து இன்ஜெக்டர், கூடவே ஃப்யூவல் பம்ப். காற்றின் வெப்பம் இழுப்புக்கு இழுப்பு ஏறிக்கொண்டே போனால் இன்டர்கூலர். வேஸ்ட்கேட் டியூட்டி உச்சத்தில் நின்றும் பூஸ்ட் எட்டவில்லை, கசிவும் இல்லை என்றால்தான் டர்போ அதன் எல்லைக்கு வந்திருக்கிறது. ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் அதற்கேற்ப ஏறவில்லை என்றால் கிளட்ச் நழுவுகிறது. உயர்ந்த கியரில், நடு ஆர்பிஎம்மில், டார்க் உச்சத்தில் இருக்கும்போது இது முதலில் தலைகாட்டும்.

நாக் திருத்தத்தை மட்டும் அவசரப்பட்டுப் படிக்காதீர்கள். நண்பர் ஒருவர் அனுப்பிய லாக்கில் சுமார் 3,400 ஆர்பிஎம்மில் திரும்பத் திரும்ப மைனஸ் 1.4 டிகிரி, சில நேரம் மைனஸ் 2.8. சுபாரு ஈசியூவில் டிஏஎம் என்றொரு மதிப்பு உண்டு, நாக் வருகிறதா என்பதைப் பொறுத்து அது மாறும். எல்லாம் நலம் என்றால் அது 1.0-இல் நிற்கும். அவருடையது இறங்கியிருந்தது. டியூனர் (ஈசியூ எண்களைத் திருத்துபவர்) டைமிங்கைக் குறைத்தும் நாக் திருத்தம் போகவில்லை. நான் கவனித்தது வேறொன்று: ஆக்ஸிலரேட்டரைப் பாதி மிதித்தாலும் முழுதாக மிதித்தாலும் அதே ஆர்பிஎம்மில்தான் வருகிறது. உண்மையான நாக் என்றால் எஞ்சின் மேல் சுமை குறையும்போது அதுவும் குறைய வேண்டும். காரைத் தூக்கிப் பார்த்தபோது புது டவுன்பைப்பின் (டர்போவில் இருந்து இறங்கும் புகைக்குழாய்) பிராக்கெட் கிராஸ்மெம்பரில் (காரின் அடியில் உள்ள குறுக்குச் சட்டம்) உரசி, அந்த இடத்தில் பெயின்ட் போய் உலோகம் பளபளத்தது. அந்த ஆர்பிஎம்மின் அதிர்வில் அது தட்ட, நாக் சென்சார் அதை வெடிப்பென்று எடுத்துக்கொண்டிருக்கிறது. பிராக்கெட்டைக் கொஞ்சம் நகர்த்தியதோடு சரியாகிவிட்டது.

சக்தி தரும் பாகங்கள்

பாகம் எதுவும் மாற்றாமல், நீங்கள் எப்போதும் போடும் பெட்ரோலுக்கு ஏற்ற நல்ல டியூன் ஒன்றே முதல் படி. "ஸ்டேஜ் 1", "ஸ்டேஜ் 2" என்பதற்குப் பொதுவான வரையறை கிடையாது. ஒரு நிறுவனத்தின் ஸ்டேஜ் 2 இன்னொன்றின் ஸ்டேஜ் 1-ஆக இருக்கலாம். என்னென்ன பாகம், எந்த ஆக்டேன் (பெட்ரோல் நாக் வராமல் தாங்கும் தரம்), எவ்வளவு பூஸ்ட் என்று கேளுங்கள். ஆக்டேன் எண்ணிலும் கவனம் வேண்டும். 98 ஆர்ஓஎன் (ஆக்டேனை அளக்கும் ஒரு முறை) என்பதும் அமெரிக்க பம்புகளில் 93 என்று எழுதியிருப்பதும் ஏறக்குறைய ஒரே தரம்.

அடுத்து அதிகப் பலன் தருவது டவுன்பைப். டர்போவுக்குப் பின்னால் தடை குறைந்தால் அது சீக்கிரம் சுழலும். ஆனால் டியூன் இல்லாமல் டவுன்பைப் மட்டும் மாட்டக் கூடாது. தடை குறைந்ததும் வேஸ்ட்கேட்டால் கட்டுப்படுத்த முடியாமல் ஆர்பிஎம் ஏற ஏறப் பூஸ்ட் தானாக ஏறும் நிலை வரலாம், பூஸ்ட் க்ரீப் என்பது அதுதான். கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை அறவே எடுப்பது பல நாடுகளில் சட்டவிரோதம். ஹை-ஃப்ளோ கன்வர்ட்டர் உள்ள டவுன்பைப்பையே நான் சிபாரிசு செய்வேன். பின்னால் நிற்கிறவர்கள் மூச்சுவிடும் காற்று அது.

ஏர் இன்டேக்கில் வரும் சத்தம் இனிமை, லாபம் சொற்பம். ஆபத்து மட்டும் நிஜம். மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உட்காரும் குழாயின் விட்டம் மாறினால் அது சொல்லும் கணக்கே மாறும், டியூனில் அளவுகோலைத் திருத்தியே தீர வேண்டும். புளோ-ஆஃப் வால்வால் சக்தி கூடாது. சென்சார் எண்ணிய காற்றை வெளியே ஊதுவதால் கியர் மாற்றும் நொடியில் கலவையில் பெட்ரோல் கூடும். தொழிற்சாலை பைபாஸ் வால்வு கசியாமல் இருந்தால் அப்படியே விடுங்கள்.

இன்டர்கூலரைப் பற்றி ஒரு கணக்கு. வெளியே 25 டிகிரி, பூஸ்ட் 1 பார், கம்ப்ரஸரின் திறன் 70 சதவீதம் என்றால் டர்போவில் இருந்து வெளிவரும் காற்று சுமார் 118 டிகிரி இருக்கும். அதே டர்போவை 1.5 பாருக்குத் தள்ளி, அதன் திறன் 60-க்கு இறங்கிவிட்டால் 170-ஐத் தாண்டும். சின்ன டர்போவை அடித்து ஓட்டுவதில் ஓர் எல்லைக்கு மேல் லாபம் இல்லாததற்கு இதுதான் காரணம்: பூஸ்ட் மீட்டர் ஏறும், காற்றின் அடர்த்தி அவ்வளவு ஏறாது, நாக் மட்டும் நெருங்கும். எஸ்டிஐயில் எஞ்சின்மேல் இருக்கும் இன்டர்கூலர், டிராஃபிக்கில் நிற்கும்போது எஞ்சினின் சூட்டையே வாங்கிக்கொள்ளும். முன்பக்க இன்டர்கூலர் நன்றாகக் குளிரும், ஆனால் குழாய் நீளும், பம்பர் பகுதியில் வெட்டு வேலை வரும். டர்போவை மாற்றாதவர்களுக்கு மேலேயே உட்காரும் பெரிய இன்டர்கூலர் போதும் என்பது என் கருத்து.

டர்போவை மாற்றும் கட்டத்துக்கு வந்தால் "உச்சத்தில் எத்தனை குதிரை" என்று மட்டும் கேட்காதீர்கள். எந்த ஆர்பிஎம்மில் முழு பூஸ்ட் வரும் என்று கேளுங்கள். 5,000-இல் விழித்து 7,000-இல் முடியும் டர்போவுக்குத் தினசரிச் சாலையில் வேலையே இல்லை. எத்தனால் அதிகம் கலந்த ஈ85 எரிபொருள் கிடைக்கும் இடத்தில் அது நாக் வருவதை வெகுவாக அடக்கும். ஆனால் பெட்ரோலைவிடச் சுமார் 30 சதவீதம் கூடுதல் அளவு வேண்டும், எனவே பம்பும் இன்ஜெக்டரும் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும்.

டியூனரிடம் நான் தவறாமல் வைக்கும் கோரிக்கை ஒன்று உண்டு: கீழ் ஆர்பிஎம்மில் டார்க்கை அடக்கி வையுங்கள். பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் வதைப்பது 3,000-இல் திடீரென்று எகிறும் டார்க்தான், 6,500-இல் வரும் குதிரைசக்தி அந்த அளவுக்கு வதைக்காது. சுபாருவின் எஃப்ஏ20 மாதிரி நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போ எஞ்சின்களில் குறைந்த ஆர்பிஎம்மில் முன்கூட்டியே பற்றிக்கொள்ளும் எல்எஸ்பிஐ தொல்லையும் சேரும். ஆறாம் கியரில் 1,800-இல் போய்க்கொண்டிருக்கும்போது முழுதாக மிதிக்கும் பழக்கத்தை விடுங்கள், ஏபிஐ எஸ்பி தர ஆயில் போடுங்கள்.

டைனோ எண்ணை வைத்து இன்னொருவர் காரோடு ஒப்பிடுவது வீண். இயந்திரத்துக்கு இயந்திரம் எண் மாறும். ஒரே டைனோவில், முடிந்தால் ஒரே மாதிரி வெப்பநிலையில், மாற்றும் முன்பும் பின்பும் எடுத்த இரண்டு கோடுகளுக்கு இடையே உள்ள இடைவெளிதான் நீங்கள் வாங்கிய பாகத்தின் பலன்.

கழற்றிய ஒரிஜினல் பாகங்களை விற்றுவிடாதீர்கள். டவுன்பைப், இன்டேக், இன்ஜெக்டர் எல்லாவற்றையும் எண்ணெய் துடைத்து, துளைகளை அடைத்து, போல்ட்களைத் தனிப் பையில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள். புகைச் சோதனைக்கும், காரை விற்கும்போதும் தேவைப்படும். அதைவிட முக்கியமாக, ஏதோ ஒரு பாகத்தின்மேல் சந்தேகம் வந்தால் பழையதை மாட்டி இன்னொரு லாக் எடுத்து ஒப்பிட முடியும். டியூன் ஃபைலையும் பழைய தொழிற்சாலை ஃபைலையும் தேதி போட்டு அதோடு சேமித்து வையுங்கள்.